கஞ்சி பட்ட கை

வள்ளியூர்
9.1.1995

கர்த்தருக்குள் பிரியமான சித்ராவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நீ ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்து, வெறுங்கையோடு திரும்பிப் போயிருப்பாய். திட்டிக்கொண்டேதான் போயிருப்பாய். நான் பெட்டி கட்டி வைத்திருந்தது உண்மை. இரண்டு சேலை, படித்த சான்றிதழ்கள், அம்மாவின் பைபிள். அது கட்டிலுக்கு அடியில் இன்னும் கட்டினபடியேதான் இருக்கிறது. ஆனால் பண்டிகைக்கு முந்தின வாரம் என் வீட்டுக்காரர் இரட்சிக்கப்பட்டுவிட்டார்.

சிரிக்காதே. டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தபோது, "இரட்சிப்புன்னா என்னட்டி, லாட்டரி மாதிரி திடீர்னு விழுமா?" என்று கேட்டவள் நீ. அப்படித்தான் விழுந்தது. மார்க்கெட் பக்கத்து மைதானத்தில் நற்செய்திக் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் வம்பு பண்ணத்தான் குடித்துவிட்டுப் போனார். போனவர் உட்கார்ந்துவிட்டார். பிரசங்கியார் கூப்பிட்டபோது எழுந்து முன்னால் போய் முழங்காலில் விழுந்து அழுதாராம். அன்றிலிருந்து குடி இல்லை. என் மேல் கை நீட்டவில்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்து வைக்கிறார். இதெல்லாம் வேஷம் என்று நீ நினைக்க வேண்டாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வேஷம் இல்லை சித்ரா.

புது வருஷ ஆராதனையில் சபைக்கு முன்னால் சாட்சி சொன்னார். எங்களில் அது வழக்கம், தான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கி எடுத்தார் என்று எல்லார் முன்னாலும் சொல்வது. சோறு வடித்துக்கொண்டிருந்த என் இடது கையில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றினதை அவரே சொன்னார். ஆஸ்பத்திரியில்கூட வழுக்கி விழுந்தேன் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். பெண்கள் பக்கம் எல்லாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எங்கள் சபையின் போதகரை நாங்கள் ஐயர் என்போம், உனக்குத் தெரியும். ஐயர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிறகு திருவிருந்து. அவர் பீடத்துக்கு முன்னால் போய் முழங்கால் போட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினார். நான் எழுந்திருக்கவில்லை. மனதில் ஒருத்தர் மேல் மன்னியாமையை வைத்துக்கொண்டு அங்கே போகக்கூடாது. எனக்குப் பொய் சொல்லி வாங்கப் பயம். அடித்தவர் பீடத்தில், அடிபட்டவள் பாயில். பார்க்கிற கண்ணுக்கு யார் பாவி என்று நீயே சொல். கர்த்தருடைய ஜெபத்திலும் ஒரு வரி வரும். எங்களுக்குத் தப்பு செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்கிற பொருளில். அந்த இடம் வரும்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். சின்ன வயதிலிருந்து சொன்ன ஜெபம், நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது.

முன்பு, 'அடிக்கிறார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உன்னிடம் ஓடி வந்திருக்கலாம். இப்போது என்ன சொல்லிவிட்டு வர? 'திருந்திவிட்டார், அதனால் வந்துவிட்டேன்' என்றா? அப்பாவிடம் போனேன். சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லையா, "ஏ பிள்ள, வழிதப்புன ஆடு வீடு வந்திருக்கு. கதவ அடைச்சிராத" என்றார். வழிதப்பாத ஆடு எங்கே போய் நிற்பது என்று நான் கேட்கவில்லை.

பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு.

பாக்கியசீலி


சிவமயம்

பேட்டை
17.1.1995

அன்புள்ள பாக்கியம்,

பஸ் ஸ்டாண்டில் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பழக்கடைக்காரர், "அவன் வரமாட்டாம்மா, நேரத்தோட வீட்டுக்குப் போ" என்றார். யாரோடோ ஓடிப்போக நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். இந்த வயதில் அப்படி நினைத்தாரே என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். அதனால் உன்னை அன்றைக்குத் திட்டவில்லை. இப்போது திட்டுகிறேன்.

உன் வீட்டுக்காரருக்கு வந்த கிருபை, வருகிற வழியில் உன் கையை ஏன் பார்க்கவில்லை? மூன்று வருஷம் அடித்தார். ஒரு சாயங்காலம் அழுதார். கணக்கு நேராகிவிட்டதா? உங்கள் ஆண்டவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் கஞ்சி கொட்டினது அவர் கையில் இல்லையே. உன் கையில் கொட்டினதை அவர் எப்படி மன்னிக்கலாம்?

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் ஏதோ மேலே நின்று பேசுகிறேன் என்று நினைக்காதே. எனக்குச் செவ்வாய் தோஷம் என்று வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போகிறது. அப்பா ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். பழைய வைத்தியலிங்கம் பிள்ளையா என்று கேட்கும் அளவுக்கு இளைத்துவிட்டார். "போன பிறவில என்ன செஞ்சியோ, வினை விடமாட்டேங்கு" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். பாக்கியம், எனக்கு ஞாபகமே இல்லாத ஒரு பாவத்துக்கு நான் தண்டனை அனுபவிக்கிறேன். உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிற ஒரு பாவத்துக்கு அவர் விடுதலை ஆகிவிட்டார். நம் இரண்டு பேர் சாமிகளும் சேர்ந்து ஏதோ ஒரு ஆபீஸ் நடத்துகிறார்கள், ஃபைலை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

நீ செய்ய வேண்டியது லேசான காரியம். 'மன்னித்துவிட்டேன்' என்று வாயால் சொல். எல்லாரும் சந்தோஷப்படட்டும். அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் அசந்திருக்கும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு. நான் வேலை பார்க்கிற பட்டறைக்கு அடுத்த தெருவில் ஒரு மாடி அறை காலியாக இருக்கிறது. வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போயேன்.

சித்ரலேகா


வள்ளியூர்
6.2.1995

பிரியமான சித்ரா,

வார்த்தைதானே என்கிறாய். எங்களுக்கு வார்த்தையைத் தவிர வேறு எதுவும் இல்லை. நீங்கள் பாவத்துக்குப் பரிகாரம் செய்யலாம், குளத்தில் முங்கலாம், மொட்டை போடலாம். எனக்கு வாயால் அறிக்கை செய்வதும் அதை மனதால் சொல்வதும்தான் வழி. அதிலும் பொய் கலந்துவிட்டால் நான் எங்கே போய் முகம் கழுவுவேன்?

கிருபையைப் பற்றி நீ கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: தகுதி உள்ளவனுக்குக் கொடுத்தால் அது கூலி, தகுதி இல்லாதவனுக்குக் கொடுத்தால்தான் கிருபை. இன்றைக்கும் நம்புகிறேன். அவருக்கு அது கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. அது என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, எனக்கு உட்கார இடம் இல்லாமல் பண்ணிவிட்டதுதான் கஷ்டம்.

இப்போது அவரை எல்லா ஊருக்கும் கூப்பிடுகிறார்கள். நற்செய்திக் குழுவின் வேனில் சனிக்கிழமைதோறும் போகிறோம். நோட்டீஸில் 'சாட்சி: சகோ. ஞானதுரை, குடும்பமாக' என்று அச்சடிக்கிறார்கள். அந்தக் 'குடும்பமாக' என்பது நான். முதல் வரிசையில் உட்கார வைப்பார்கள். அவர் கஞ்சிக் கதைக்கு வந்ததும் என்னை எழுந்து நிற்கச் சொல்வார். நிற்பேன். ஆழ்வார்திருநகரியில், ஆற்றுக்கு இக்கரையில் ஒரு கொட்டகை, நல்ல கூட்டம். அங்கேதான் முதல் தடவையாக, "பாக்கியம், கையக் காட்டு" என்றார் மைக்கில். பழக்கிய மாடுபோல நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் முழுக்க 'ஐயோ' என்றது. தழும்புக்கு மேல் டியூப் லைட் வெளிச்சம் விழுந்தபோது எனக்கே அது வேறு யாருடைய கையோ என்று இருந்தது.

கதை வளர்ந்தும் வருகிறது. ஆழ்வார்திருநகரியில் அவர் சொன்னார்: "நான் கஞ்சிய ஊத்துதேன், இவ கத்தல. கண்ண மூடிக்கிட்டு எனக்காக ஜெபம் பண்ணுதா!" கூட்டம் அப்படியே உருகிப்போனது. நான் ஜெபிக்கவில்லை சித்ரா. திரும்பி வரும்போது வேனில், "அன்னைக்கு நான் ஜெபிக்கலையே" என்றேன். பொய் சொல்கிற முகமாக அவர் முகம் மாறவில்லை. "ஒனக்கு நெனப்பிருக்காது பிள்ள, ஆவியானவர் உனக்குள்ள இருந்து ஜெபிச்சாரு" என்றார். வேனில் இருந்தவர்கள் 'ஆமென்' என்றார்கள்.

என் வலிக்குக்கூட இப்போது நான் சாட்சி இல்லை.

பாக்கியம்


சிவமயம்

பேட்டை
20.2.1995

பாக்கியம்,

போன சனிக்கிழமை பேட்டையில் உங்கள் கூட்டம் நடந்தது அல்லவா? நான் வந்திருந்தேன். சொல்லாமல் வந்தேன், கடைசி வரிசையில் முக்காடு போட்ட மாதிரி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ முன்னால் இருந்தாய். பின்னால் திரும்பவே இல்லை. உன் கழுத்து அப்படி விறைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு அசிங்கமான உண்மையைச் சொல்கிறேன். அவர் பேசினபோது நான் அழுதுவிட்டேன். உனக்காக இல்லை. அவருக்காக! "என்ன மாதிரி ஒரு நாயையும் ஆண்டவர் தூக்கி மடில வச்சிக்கிட்டாரு" என்றபோது அவர் குரல் உடைந்தது, எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னுடைய கதை முழுக்கத் தெரிந்த நானே அழுதேன் என்றால், தெரியாத கூட்டம் என்ன செய்யும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சல். அவர் சொல்வது உண்மையாக இருப்பதால்தான் உனக்கு வழி அடைபட்டுக் கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பொய்யன் என்றால் எப்போதோ தப்பித்திருப்பாய்.

இன்று காலை பட்டறையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதலாளி ஹாஜா பாய் என்ன ஏது என்று கேட்டார். பேர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரிய பக்திமான் ஒன்றும் கிடையாது, வெள்ளிக்கிழமை தொழுகைக்கே பாதி நாள் பிந்திப் போகிற ஆள். ஆனால் உடனே சொன்னார்: "எங்கள்ல அப்படிக் கெடையாதும்மா. அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சத அந்த மனுசன்ட்டப் போயி கேக்கணும். அவன் மாப்பு குடுக்காம மேல போயி நின்னு பிரயோசனம் இல்ல." சொல்லிவிட்டு, லேத்துக்கு வரவேண்டிய சாமான் வரவில்லை என்று போனில் யாரையோ கத்தப் போய்விட்டார்.

எனக்கு அப்போது சுருக்கென்றது. பாக்கியம், இவ்வளவு நாள் இவ்வளவு எழுதினாய். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டாரா?

மேடையில் இல்லை. வீட்டில், உன்னைப் பார்த்து. கேட்டாரா?

சித்ரா


வள்ளியூர்
12.3.1995

பிரியமான சித்ரா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வாசித்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதிப் போட்டேன். தப்புத் தப்பாக எழுதியிருக்கிறேன், பிள்ளைகள்தான் சொன்னார்கள்.

இல்லை. கேட்கவில்லை.

ஆண்டவரிடம் கேட்டார். ஐயரிடம் கேட்டார். எங்கள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார், அப்பா ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டுச் சண்டை போட்ட டீக்கடைக்காரரிடம்கூடப் போய்க் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. இத்தனை நாளும் அது எனக்கே தெரியவில்லை பார். எல்லாரிடமும் கேட்டதில் என்னிடமும் கேட்டதுபோல ஒரு மயக்கம்.

லெந்து நோன்பு நாட்கள் ஆரம்பித்துவிட்டன, வீட்டில் கறி மீன் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவினவரிடம் போய் நின்று கேட்டேன். "எல்லார்ட்டயும் மன்னிப்பு கேட்டீங்க. என்கிட்ட கேக்கலையே" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இப்போதெல்லாம் வருவதில்லை. பாவம் போல என்னைப் பார்த்தார். "ஆண்டவரே மன்னிச்சி, என் பாவத்த கடல் ஆழத்துல போட்டுட்டாரு. அத நீ எதுக்குத் தோண்டி எடுக்க? அவருக்கு மேலயா நீ?" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து எனக்காக ஜெபித்தார். என் கசப்பு நீங்கும்படி. கடலில் போட்டதை ஒவ்வொரு சனிக்கிழமையும் மைக்கில் எடுத்துக் காட்டுகிறவர் யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையில் கை இருக்கும்போது பேச முடியாது.

இன்னொரு சேதி. குழுவில் அவரை முழுநேர ஊழியராக எடுக்கப்போகிறார்கள். ஒரிசாவில் மலைக்குள் ஒரு ஊர். ஜூனில் புறப்பாடு. தனி ஆளாக அனுப்பமாட்டார்கள், குடும்பமாகத்தான். மே மாசம் பாளையங்கோட்டையில் பெரிய கூட்டத்தில் நான் மேடை ஏறி, என் வாயால் அவரை மன்னித்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பிறகு பிரதிஷ்டை பண்ணி அனுப்புவார்கள். "அக்கா சொல்லப்போற ஒரு வார்த்தைல ஆயிரம் வீடு மாறும்" என்கிறார்கள் குழுவில். பாஷை தெரியாத மலைக்கு நான் போய்விட்டால் உன் மாடி அறையும் இல்லை, பள்ளிக்கூட விலாசமும் இல்லை.

நீ வா வா என்கிறாய். கோபப்படாமல் கேள். உன் அப்பா உனக்கு வாழைக் கன்றோடு தாலி கட்டிப் பரிகாரம் பண்ணப்போவதாக எங்கள் பெரிய டீச்சர் மூலம் கேள்விப்பட்டேன். அம்பாசமுத்திரத்து வரன் கேட்டார்களாம். நீ தலையாட்டிவிட்டாயாமே? எனக்குச் சொல்கிற தைரியத்தில் கொஞ்சம் உனக்கு வைத்துக்கொள்ளக்கூடாதா? நான் மட்டும்தான் கூண்டில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே நின்று கை காட்டுகிறாய்.

பாக்கியசீலி


பேட்டை
2.4.1995

பாக்கியம்,

உன் கடிதத்துக்குப் பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன்.

கேள்விப்பட்டது சரி. போன வாரம் நடந்து முடிந்தது. பட்டுச் சேலை கட்டி, மாலை போட்டு, ஒரு வாழைக் கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மந்திரமூர்த்தி மாமா பக்கத்தில் நின்று, "ஏளா, சிரிச்ச முகமா இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வாழையின் பேரில் எனக்குத் தாலியைக் கட்டி அவிழ்த்தார்கள். பிறகு கன்றை அரிவாளால் வெட்டினார்கள். தோஷம் வாழையோடு போய்விட்டதாம். அந்த வாழை என்ன பாவம் செய்தது? வெட்டினவுடன் பால்போல நீர் வடிந்தது. எனக்கு உன் கை ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அப்பா முதல் தடவையாக நிம்மதியாகச் சாப்பிட்டார், அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்ல?

ஆகவே நீ எழுதினது சரி. நானும் உள்ளேதான் இருக்கிறேன். என் கூண்டில் பூ கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். அது தெரிந்ததால்தான் உன்னை அவ்வளவு பிடித்து இழுத்தேன் என்று நினைக்கிறேன். ஒருத்தியாவது வெளியே வரட்டும் என்று.

பாளையங்கோட்டைக்கு நான் வரமாட்டேன். அன்றைக்குத்தான் அம்பாசமுத்திரத்தார் வருகிறார்கள். போன ஜனவரியில் நான் எழுதினதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மேடையில் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. பொய்யாக மட்டும் சொல்லாதே.

சித்ரா


வள்ளியூர்
18.5.1995

என் சித்ராவுக்கு,

கூட்டம் முடிந்துவிட்டது. எழுதக் கை வரவில்லை, அதனால் தாமதம்.

ஞாயிறு சாயங்காலம். பெரிய மைதானம், பந்தல், பாட்டுக் குழு. அவர் சாட்சி சொல்லி முடித்து, கையைக் காட்டச் சொல்லி, நான் காட்டி, எல்லாம் வழக்கம்போல நடந்தது. பிறகு மைக்கை என் வாய்க்கு நேராகத் தாழ்த்திவிட்டார்கள். ஒரு பக்கம் ஐயர், ஒரு பக்கம் அவர். எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியம் நன்றாக ஞாபகம் இருந்தது. நான் சொன்னது வேறு. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

"அன்னைக்கு நான் ஜெபிக்கல. அம்மான்னு கத்துனேன். தண்ணி வாளி எங்கன இருக்குன்னு தேடுனேன். மத்தபடி அவிய சொன்னதெல்லாம் உண்மைதான். அவிய ஆண்டவர்ட்ட மன்னிப்பு கேட்டாவ, ஐயர்ட்ட கேட்டாவ, எங்க அப்பாட்ட கேட்டாவ. என்கிட்ட இன்னும் கேக்கல. நான் இன்னும் மன்னிக்கல. அதான் நான் திருவிருந்து எடுக்கதில்ல."

அந்தக் கூட்டத்துக்கு நடுவில் குருவி சத்தம் கேட்டது. அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது பின்னால் யாரோ ஒரு அம்மா 'ஸ்தோத்திரம்' என்றார்கள். அதைத் தொட்டு இன்னொருவர். உடனே பிரசங்கியார் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா சகோதரர்களே, இந்தச் சகோதரி எவ்வளவு தாழ்மையா தன் பாவத்த அறிக்கை பண்ணுதாங்க! இப்பவே, இந்த மேடையிலயே கர்த்தர் இந்தக் கசப்ப உடைக்கப்போறாரு!" என்றார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. நாலைந்து பேர் என் தலையில் கை வைத்தார்கள். கழுத்து வலித்தது. என்னை முழங்காலில் நிற்க வைத்தார்கள். எழுந்தபோது ஆயிரம் பேர் எனக்காக அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்காவது நான் சொன்னது கேட்டதா என்று தெரியவில்லை. அவருடைய பாவம் சாட்சியாகிவிட்டது. நான் மன்னிக்காததும் அதில் ஒரு பத்தியாகச் சேர்ந்துவிட்டது. இனி அடுத்த ஊரில் அதையும் சொல்வார்கள். டிக்கெட் இரண்டு பேருக்கும் எடுத்தாகிவிட்டது.

ஆனால் ஒருத்தருக்குக் கேட்டிருக்கிறது.

மறுநாள் காலை அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் வந்து நின்றார். "அப்படி எல்லார் முன்னாலயும் ஏன் சொன்ன?" என்றார். "நீங்க எல்லார் முன்னாலயும் சொன்னீங்க" என்றேன். பிறகு கண்ணை மூடி இரண்டு கையையும் உயர்த்தி, "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தார், அதே மேடைக் குரல்.

"கண்ணத் திறங்க" என்றேன். "அவர்ட்ட பேசாண்டாம். என்கிட்ட பேசுங்க."

திறந்தார். பார்வை என் கைக்கு இறங்கியது. கஞ்சித் தண்ணீர் ஆவி பறக்க வடிந்துகொண்டிருந்தது. அந்தக் கையை மைக் இல்லாமல் அவர் பார்த்தது அன்றைக்குத்தான். முகம் சாம்பலாகிவிட்டது சித்ரா. முதல் தடவையாக எனக்கு முன்னால் பயந்துபோய் நின்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"நீங்க கேக்காம நான் ரயில் ஏறமாட்டேன்" என்றேன். வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை. குழுவில் இருந்தும் ஐயர் வீட்டில் இருந்தும் ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். எனக்காக உபவாசம் இருக்கிறார்களாம். எனக்காக இத்தனை பேர் பட்டினி கிடந்தால் நான் எப்படிச் சாப்பிடுவது?

பாக்கியம்


பேட்டை
25.5.1995

பாக்கியம்,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பிறகு அப்பாவிடம் போய், அம்பாசமுத்திரம் வேண்டாம் என்று சொன்னேன். பரிகாரம் முடிந்தும் மாப்பிள்ளையின் தாயார் என் ஜாதகத்தை இன்னொரு தடவை பார்க்கக் கேட்டார்களாம். "வாழைய வெட்டியாச்சி, இனி என்னையும் வெட்டணுமா?" என்று கேட்டேன். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். இன்றுவரை என்னோடு பேசவில்லை. நம் இரண்டு வீட்டிலும் பேச்சு இல்லை. கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

அந்த மைதானத்தில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை என்று எழுதினாய். எனக்குக் கேட்டது. அம்பாசமுத்திரத்தாருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த இடத்தில் நான் இருந்தேன், ஆனாலும் கேட்டது.

ரயில் ஏறாதே.

சித்ரா


வள்ளியூர்
14.6.1995

பிரியமான சித்ரா,

நான் ஏறவில்லை.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, விடுப்பு இல்லை என்று குழுவில் சொன்னேன். பாதி உண்மை. அவர் எனக்காகப் பரிந்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. தனியாகப் போகிறேன் என்று மட்டும் சொன்னாராம். அக்டோபரில் அக்கா வந்துவிடுவார்கள் என்று ஐயர் ஆலயத்தில் அறிவித்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. எனக்கு அது புதிதும் இல்லை.

வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அப்பா கூப்பிட்டார். சாயங்காலம் நெல்லை எக்ஸ்பிரஸ், மெட்ராஸ் போய் அங்கிருந்து ஒரிசா. சபையில் இருந்து வேன் நிறைய வந்திருந்தார்கள். பிளாட்பாரத்தில் வட்டமாக நின்று பாட்டுப் பாடினார்கள், போர்ட்டர்கள் சுற்றிப்போனார்கள். அவர் பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்கள். கையில் ஒரு தகரப் பெட்டி. என் பெட்டி வீட்டில் கட்டிலுக்கு அடியில். வெயிலுக்கு முழுக்கை ரவிக்கை போட்டிருந்தேன். அவர் ஒரு தடவை அந்தக் கையைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வண்டி வரும் நேரம் ஐயர் ஜெபித்தார். கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். பாட்டுப் பாடின அத்தனை பேரும் சத்தமாகச் சொன்னார்கள். என் வீட்டுக்காரரின் குரல் உனக்குத் தெரியும், மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும். என் காதுக்குப் பக்கத்தில் அது போய்க்கொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கிற அந்த வரி வந்தது. நான் எப்போதும்போல வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்தில் அவர் குரலும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். சுற்றிலும் எல்லாரும் அந்த வரியைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போய்விட்டார்கள். அங்கே சொல்லாமல் நின்றது நாங்கள் இரண்டு பேர்தான்.

பாக்கியம்